பொன்மலை பட்டறைக்கு முன்பே திருச்சிக்கு வந்த பிரெஞ்சு கன்னியாஸ்திரி: 11 ஆண்டு உழைத்தவர் ஊட்டிக்கு போனது ஏன்?

திருச்சி, பொன்மலை பக்கம் கான்வென்ட் என்று சொன்னால் உடனே நினைவுக்கு வருவது இங்கிலீஷ் பள்ளிக்கூடம்தான். பிள்ளையை கான்வென்ட்டில் சேர்க்க வேண்டும் என்று வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி பணம் சேர்க்கும் பெற்றோர் இங்கே ஏராளம். ஆனால் கான்வென்ட் என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் கன்னியர் மடம். உயர்ந்த மதில் சுவர், மணி அடித்தால் செபம், மணி அடித்தால் வேலை என்று வாழ்ந்த பெண்களின் வீடு அது.

வெள்ளைக்காரன் ஆட்சியில் திருச்சியில் இருந்த அப்படி ஒரு மடத்தில் வாழ்ந்தவர்தான் பாடுகளின் மரியா. இன்று உலகம் முழுவதும் எப்.எம்.எம். சிஸ்டர்கள் என்று அழைக்கப்படும் சபையை தொடங்கியவர் இவர். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்துவது இந்த சபைதான். இவ்வளவு பெரிய சபையின் விதை திருச்சியில் விழுந்தது என்பது திருச்சிக்காரர்கள் பலருக்கே தெரியாத கதை.

அதைவிட பெரிய விஷயம் ஒன்று உண்டு. பதினொரு ஆண்டு உழைத்த இடத்தை விட்டு, சேர்ந்த சபையையும் விட்டு வெளியேற வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அதன் பிறகு, தான் தொடங்கிய சபையிலேயே பதவியில் இருந்து இறக்கப்பட்டார். இரண்டு முறை விழுந்தவர், இரண்டு முறையும் எழுந்து நின்றார்.

பணக்கார வீட்டு பெண்

பிரான்ஸ் நாட்டில் நாந்து என்ற ஊரில் 1839-ம் ஆண்டு மே 21-ந்தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எலென். சப்போத்தேன் என்ற பிரபு குடும்பம். வேலைக்காரர்கள், விருந்து, நல்ல உடுப்பு என்று எதற்கும் குறைவில்லை.

1856-ம் ஆண்டு, 16 வயதில் ஒரு தியானத்தில் கலந்துகொண்டபோது கன்னியாஸ்திரியாக வேண்டும் என்ற ஆசை மனதில் விழுந்தது. ஆனால் எதிர்பாராமல் தாயார் இறந்து போனார். வீட்டில் துக்கம். ஆசையை மனதுக்குள் பூட்டிக்கொண்டு சில ஆண்டுகள் காத்திருந்தார்.

1860-ம் ஆண்டு டிசம்பரில் ஏழை கிளாரா சபை மடத்தில் சேர்ந்தார். வெறும் தரை, எளிய சாப்பாடு, கடும் நோன்பு என்று வாழ்கிற மடம் அது. பிரபு வீட்டு பெண்ணுக்கு அந்த ஏழ்மை ரொம்ப பிடித்துவிட்டது. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. சீக்கிரமே கடும் நோய் வந்து வீட்டுக்கு திரும்பினார்.

உடம்பு தேறியதும் 1864-ல் வேறு சபையில் சேர்ந்தார். அதன் பெயர் மரி ரெப்பராட்ரிஸ். தமிழில் சொன்னால் பரிகார மரியன்னை சபை. அந்த ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி துலூஸ் நகரில் அவருக்கு சபை உடுப்பு கொடுத்தார்கள். எலென் என்ற பெயர் போய், பாடுகளின் மரியா என்ற பெயர் வந்தது. பாடுகள் என்றால் ஏசு பட்ட பாடுகள். இனிமேல் தானும் பாடுபடப் போகிறோம் என்று அன்றைக்கு அவருக்கு தெரிந்திருக்க வழியில்லை.

திருச்சிக்கு பயணம்

சபையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1865-ம் ஆண்டு மார்ச் மாதம் அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்போது வயது 25. இன்னும் பயிற்சி முடியாத நவகன்னி.

அன்றைக்கு சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்ததே 1869-ல்தான். எகிப்தில் கப்பலை விட்டு இறங்கி, தரை வழியாக போய், அடுத்த கடலில் வேறு கப்பல் பிடிப்பதுதான் அப்போதைய குறுக்கு வழி. ஊருக்கு கடிதம் போட்டால் பதில் வர மாதங்கள் ஆகும். பெற்றவர்கள் இறந்தாலும் தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கப்பல் ஏறிய கன்னியாஸ்திரிகளில் பலர் திரும்பி வருவோம் என்ற எண்ணத்தோடு ஏறியவர்கள் இல்லை.

அவர் வந்து சேர்ந்த இடம் மதுரை மிஷன். பெயர்தான் மதுரை. அதன் பிஷப் இருந்தது திருச்சியில். சேசு சபை பாதிரியார்கள் பொறுப்பில் மிஷன் இருந்தது. பிஷப்பின் பெயர் அலெக்சிஸ் கனோஸ்.

அப்போதைய திருச்சியை இப்போது கற்பனை செய்வது கஷ்டம். செயின்ட் ஜோசப் கல்லூரி திருச்சிக்கு இன்னும் வரவில்லை. அது நாகப்பட்டினத்தில் இருந்து இங்கே மாறியது 1883-ல். நாகப்பட்டினத்தில் இருந்து திருச்சிக்கு ரெயில் ஓடத் தொடங்கியே மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது.

பொன்மலை? அங்கே பாறையும் பொட்டல்காடும்தான். 1753-ல் வெள்ளைக்காரர் படையும் பிரெஞ்சு படையும் மோதிக்கொண்ட இடம் என்ற பேர் மட்டும் இருந்தது. நாகப்பட்டினத்து ரெயில் பட்டறை இங்கே வர இன்னும் 60 ஆண்டுக்கு மேல் இருந்தது. சங்கு ஊதும் சத்தமும் கிடையாது, காலனி வீடுகளும் கிடையாது.

மதில் சுவருக்குள் ஒரு நாள்

மடத்து வாழ்க்கை எப்படி இருந்தது? விடியும் முன்பே மணி அடிக்கும். எழுந்து செபம், தியானம், பூசை. பிறகு பேச்சு இல்லாமல் வேலை. சாப்பிடும்போதும் பேச்சு கிடையாது, ஒருவர் ஏதாவது நல்ல புத்தகம் வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவார்கள். ராத்திரி செபம் முடிந்தால் மறுநாள் காலை வரை முழு மவுனம்.

கன்னியர் மூன்று வார்த்தைப்பாடு கொடுப்பார்கள். சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன், கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன், மேலே உள்ளவர் சொன்னபடி நடப்பேன். இந்த மூன்றாவது வார்த்தைப்பாடுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்று மடத்தில் இருப்பவர்களே சொல்வது உண்டு.

இதோடு திருச்சி வெயிலும் சேர்ந்துகொண்டது. குளிர் நாட்டில் தைத்த கனமான அங்கியும் முக்காடும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் இருக்க வேண்டும். மின்விசிறி கிடையாது. காலரா வந்தால் மருந்து கிடையாது. அந்த நோய் எந்த கிருமியால் வருகிறது என்றே அப்போது டாக்டர்களுக்கு சரியாக தெரியாது. வெளிநாட்டில் இருந்து வந்த இளம் பாதிரியார்கள் பலரை மதுரை மிஷன் காலராவுக்கு பலி கொடுத்திருந்தது.

1866-ம் ஆண்டு மே 3-ந்தேதி, கத்திரி வெயில் நேரத்தில், திருச்சியில் பாடுகளின் மரியா தன் வார்த்தைப்பாட்டை கொடுத்தார். அவர் முறைப்படி கன்னியாஸ்திரி ஆனது பிரான்சில் அல்ல, நம்ம திருச்சியில்தான்.

எதற்காக வந்தார்கள்?

பிரெஞ்சு சிஸ்டர்களை சேசு சபையார் கூப்பிட்டதற்கு முக்கிய காரணம் ஒன்று. உள்ளூர் தமிழ் பெண்களுக்கு தனியாக ஒரு கன்னியர் சபை உருவாகி வந்தது. அந்த பெண்களுக்கு பயிற்சி கொடுக்க ஆள் தேவைப்பட்டது.

அந்த காலத்தில் பெண்ணுக்கு படிப்பு என்பது எட்டாக்கனி. பத்து வயதிலேயே தாலி கட்டிவிடுவார்கள். புருஷன் செத்துவிட்டால் அந்த சின்ன பெண் ஆயுசு முழுக்க விதவை. விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856-ல் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது, வீட்டில் எதுவும் மாறவில்லை. கிறிஸ்தவ குடும்பங்களிலும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட பெண்களுக்கு மடம் ஒரு வழியாக தெரிந்தது. திருச்சியில் அன்னம்மாள் என்ற இளம் விதவை 1858-ல் ஒரு சபையையே தொடங்கினார். அதுதான் இன்றுவரை இருக்கும் புனித அன்னாள் சபை. மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்களே எழுந்து பள்ளிக்கூடம் நடத்தவும், நோயாளியை பார்க்கவும், அனாதை குழந்தைகளை வளர்க்கவும் வந்தார்கள்.

சாதியும் மதில் சுவரை தாண்டி உள்ளே வந்தது. அன்றைய கோவில்களில் சாதிக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்துதான் பூசை பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், பல குடும்பத்து பெண்களை ஒரே கூரைக்கு கீழ் வைத்து வாழப் பழக்குவது சாதாரண வேலை இல்லை. அதற்கு வந்த பிரெஞ்சு சிஸ்டர்களோ தமிழையே புதிதாக படிக்க வேண்டியவர்கள். அவர்களுக்கு தமிழ் சொல்லிக்கொடுத்த, சமையலுக்கும் தண்ணீருக்கும் துணை நின்ற உள்ளூர் பெண்களின் பெயர்கள் வெளியே அதிகம் தெரியாது. அவர்கள் இல்லாமல் அந்த மடங்கள் ஒரு நாள் நடந்திருக்காது.

28 வயதில் பெரிய பொறுப்பு

பாடுகளின் மரியாவின் திறமை சீக்கிரமே மேலிடத்தின் கண்ணில் பட்டது. முதலில் ஒரு மடத்துக்கு தலைவி ஆனார். அடுத்து 1867-ம் ஆண்டு ஜூலையில் மதுரை மிஷனில் இருந்த சபையின் மூன்று மடங்களுக்கும் சேர்த்து மாகாண தலைவி ஆக்கப்பட்டார். அப்போது வயது 28. அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த சிஸ்டர்கள் எல்லாம் அவரை மதர் என்று அழைக்க வேண்டியதாயிற்று.

மிஷனுக்குள் அவர் வருவதற்கு முன்பே பூசல்கள் இருந்தன. அவர் பொறுப்பேற்ற பிறகு அது கொஞ்சம் அடங்கியது. வேலைகள் பெருகின. 1874-ம் ஆண்டு ஊட்டியில் புதிதாக ஒரு மடம் தொடங்கப்பட்டது. ஊட்டி அப்போது கோவை மிஷனை சேர்ந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் சேசு சபையார் இல்லை, பாரீஸ் மிஷன் பாதிரியார்கள்.

அந்த ஊட்டி வீடுதான் பின்னால் கைகொடுக்கப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வெளியேறிய 20 பேர்

அடங்கிய பூசல் மறுபடியும் தலை தூக்கியது. அந்த கால மடங்களில் அதிகாரம் ஒரே இடத்தில் இருக்காது. சபையின் தலைமை கடல் தாண்டி ஐரோப்பாவில் இருக்கும். தினசரி விஷயங்களில் உள்ளூர் மிஷன் பாதிரியார்களின் சொல்லும் செல்லும். ஒரு கடிதம் போய் பதில் வருவதற்குள் இங்கே நிலைமை தலைகீழாக மாறிவிடும். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது மடத்து தலைவிதான்.

1876-ம் ஆண்டு விஷயம் கைமீறிப் போனது. பாடுகளின் மரியாவும் வேறு சில சிஸ்டர்களும் சபையை விட்டே வெளியேறி ஊட்டியில் ஒன்று சேர்ந்தார்கள். மொத்தம் 20 பேர். கோவை பிஷப் ஜோசப் பார்து அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

சபையை விட்டு வெளியேறுவது என்றால் சும்மா இல்லை. சொந்த காசு கிடையாது. பிறந்த வீடு பல ஆயிரம் மைல் தூரத்தில். ஊர் வாய்க்கு மெல்ல அவல் கிடைத்த மாதிரி. கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் மீறிவிட்டார்கள் என்ற பழிச்சொல் வேறு.

அதுவும் எப்படிப்பட்ட நேரம்? தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் சோறில்லாமல் செத்தார்கள். ஊரே கஞ்சித் தொட்டி வாசலில் நின்ற காலத்தில், தலைக்கு மேல் கூரை நிச்சயம் இல்லாமல் அந்த 20 பெண்கள் மலை மேல் நின்றார்கள்.

ரோமில் கிடைத்த தீர்ப்பு

பாடுகளின் மரியா அழுதுகொண்டு உட்காரவில்லை. 1876 நவம்பரில் நேராக ரோமுக்கு போனார். கன்னியாஸ்திரி தன் வழக்கை தானே எடுத்துக்கொண்டு போப் ஆண்டவரின் அரண்மனை வாசலில் நிற்பது அந்த காலத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை.

இரண்டே மாதத்தில் முடிவு வந்தது. 1877-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி போப் ஆண்டவர் 9-ம் பயஸ் புதிய சபை தொடங்க அனுமதி கொடுத்தார். மரியாவின் மிஷனரிகள் என்று அதற்கு பெயர். மிஷன் வேலைக்காகவே ஏற்பட்ட சபை. உலகத்தில் எங்கே கூப்பிட்டாலும் போக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. திருச்சியில் பட்ட அனுபவம்தான் இந்த சபைக்கு அஸ்திவாரம்.

பிரான்சில் சான் பிரியே என்ற ஊரில் பயிற்சி மடம் திறந்தார். பெண்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். 1882-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி, அசிசி பிரான்சிஸ் திருநாள் அன்று, ரோமில் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். 21 வயதில் ஏழை கிளாரா மடத்தில் விட்டுப்போன பிரான்சிஸ்கன் வழி 43 வயதில் திரும்ப கிடைத்தது.

சொந்த சபையிலேயே பதவி பறிப்பு

நிம்மதி ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. 1883-ம் ஆண்டு மார்ச் மாதம் எதிர்ப்பு கிளம்பி, தான் தொடங்கிய சபையின் தலைவி பதவியில் இருந்தே அவர் இறக்கப்பட்டார்.

இதையடுத்து அப்போதைய போப் ஆண்டவர் 13-ம் லியோ விசாரணைக்கு உத்தரவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை என்று தெரியவந்தது. 1884 ஜூலையில் நடந்த சபை கூட்டத்தில் சிஸ்டர்களே ஓட்டுப்போட்டு மறுபடியும் அவரை தலைவி ஆக்கினார்கள். 1885 ஆகஸ்டு 12-ந்தேதி ரோம் சபையை பாராட்டி ஆணை வெளியிட்டது. பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு சபை இணைந்தது. அதுதான் இன்றைய எப்.எம்.எம். சபை. 1896-ல் சபையின் சட்டதிட்டங்களுக்கு நிரந்தர ஒப்புதல் கிடைத்தது.

சீனாவில் ஏழு பேர் கொலை

அடுத்த அடி 1900-ல் விழுந்தது. சீனாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிராக பாக்சர் கலகம் வெடித்தது. ஜூலை 9-ந்தேதி தையுவான் நகரில் எப்.எம்.எம். சிஸ்டர்கள் ஏழு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களை அனுப்பி வைத்தது பாடுகளின் மரியாதான். பெற்ற பிள்ளைகளை பறிகொடுத்த தாய் போல அவர் தவித்தார். ஆனாலும் சீனாவுக்கு சிஸ்டர்களை அனுப்புவதை நிறுத்தவில்லை. கொல்லப்பட்ட அந்த ஏழு பேரும் 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி புனிதர்களாக அறிவிக்கப்பட்டார்கள்.

ஓயாத அலைச்சலில் உடம்பு தளர்ந்தது. 1904-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி இத்தாலியில் சான்ரெமோ என்ற கடலோர ஊரில் பாடுகளின் மரியா இறந்தார். வயது 65. ஊட்டியில் 20 பேரோடு நின்றவர் கண்ணை மூடியபோது சபையில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிஸ்டர்கள் இருந்தார்கள். நான்கு கண்டங்களில் 86 மடங்கள் இருந்தன.

98 ஆண்டு கழித்து, 2002-ம் ஆண்டு அக்டோபர் 20-ந்தேதி, போப் ஆண்டவர் 2-ம் ஜான்பால் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி இது. முதுகெலும்பிலும் நுரையீரலிலும் காசநோய் வந்த ஒரு கன்னியாஸ்திரி அவரை வேண்டி குணமானதை ரோம் அற்புதமாக ஏற்றுக்கொண்டதே இதற்கு காரணம்.

திருச்சிக்கு என்ன மிச்சம்?

வெளியேறியவர் கதை இப்படி முடிந்தது. எதற்காக அவர் வந்தாரோ அந்த வேலையும் வீண் போகவில்லை. தமிழ் பெண்களின் கன்னியர் சபைகள் வளர்ந்தன. வெளிநாட்டு மதர் சொல்லித்தர வேண்டிய காலம் போய், தமிழ்நாட்டு சிஸ்டர்களே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தும் காலம் வந்தது. கூலி வேலை செய்கிறவர் வீட்டு பெண் குழந்தைகள் பலர் முதல் எழுத்து படித்தது அவர்களிடம்தான். எப்.எம்.எம். சபையிலும் தமிழ் பெண்கள் சேர்ந்து உலகின் பல மூலைகளுக்கு போயிருக்கிறார்கள்.

கடைசியாக பொன்மலைக்காரர்களுக்கு ஒரு தகவல். 1876-ல் அந்த 20 சிஸ்டர்கள் ஊட்டியில் கூடியபோது மலை ரெயில் கிடையாது. மேட்டுப்பாளையம் வரைதான் ரெயில். அதற்கு மேல் மலைப்பாதையில் வண்டியிலோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோதான் போக வேண்டும். மலை ரெயில் குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும்தான் போய் சேர்ந்தது. இன்று அந்த மலை ரெயிலை இழுக்கும் நீராவி என்ஜின்களில் சிலவற்றை செய்து கொடுத்தது பொன்மலை பட்டறை தொழிலாளர்கள்தான் என்பது குறிப்பிடத்தக்கது.